விழுவதற்கு முன்

மேசையில் மூன்று வாரமாக ஒரு மெய்ப்பு கிடக்கிறது. பிள்ளைகளுக்கான வானியல் புத்தகம். எழுத்துப்பிழை பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கி வந்தேன், எழுத்துப்பிழை அதிகமில்லை. முப்பத்தேழாம் பக்கத்து வாக்கியம் ஒன்றுதான் என்னை நகரவிடாமல் வைத்திருக்கிறது. விண்வெளியில் திரியும் விண்கல், பூமியின் காற்றுக்குள் நுழைந்து விண்கல்லாக எரிந்து, எரிந்தது போக மிஞ்சியது விண்கல்லாகத் தரையில் விழுகிறது. முதல்முறை படித்தபோது சிரித்துவிட்டேன். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள். திரியும்போது மீட்டியராய்டு, எரியும்போது மீட்டியர், விழுந்து கிடக்கும்போது மீட்டியரைட். தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. விண்கல், எரிமீன், எரிகல், எரிநட்சத்திரம், விண்வீழ்கல் என்று ஒரு கூடை இருக்கிறது. எந்தச் சொல்லை எதற்கு வைப்பது என்பதில்தான் ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் ஒத்துப்போவதில்லை. மொழிபெயர்த்தவர் அலுத்துப்போய் ஒரே சொல்லால் மூன்று இடத்தையும் நிரப்பிவிட்டார் என்று நினைத்து சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. அவர் எழுதியது பிழைதானா என்ற சந்தேகம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று இடத்திலும் இருப்பது அதே கல்தானே.

இந்தச் சந்தேகத்துக்கு விதை போட்டவள் தங்கையின் பேத்தி. போன டிசம்பர் 13ஆம் தேதி இரவு அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அந்த நாட்களில் மிதுன ராசியிலிருந்து, புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புவதுபோல எரிமீன்கள் உதிரும். பாயை விரித்து, காதுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தோம். தண்ணீர்த் தொட்டி மூடியில் பனி இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று, மேற்கே நீளமாக, தீக்குச்சியைச் சுவரில் இழுத்ததுபோல. சத்தம் வராதது அவளுக்கு ஏமாற்றம். "தாத்தா, அது எரியிறதுக்கு முன்னாடி அதுக்கு என்ன பேரு?" என்றாள். விண்கல் என்றேன். "எல்லாத்துக்கும் அதுதான பேரு. அதுக்கு மட்டும் என்ன பேரு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. உளுந்து அளவுகூட இல்லாத ஒரு துணுக்கு, நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரைக்கு 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே தீர்ந்துபோனது. அதற்கு யார் பெயர் வைத்திருப்பார்கள்? அவளிடம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. எரிமீன் என்பது அந்தத் துணுக்கின் பெயரே அல்ல. நாம் பார்த்த வெளிச்சத்தின் பெயர். துணுக்கு துணுக்காக இருந்த காலம் முழுக்க நம் கண்ணில் பட்டதில்லை. அது இல்லாமல் போவதைத்தான் பார்த்து, அதற்கொரு சொல்லும் வைத்திருக்கிறோம். அதன் தாய் யாரென்று மட்டும் தெரியும். ஃபேத்தான் என்ற சிறுகோள், 1983இல் கண்டுபிடித்தது. எரிமீன் மழை பெரும்பாலும் வால்மீன் விட்டுச்சென்ற தூசியில்தான் வரும். இது ஒரு சிறுகோளுக்குப் பிறந்திருக்கிறது. சூரியனை நெருங்கும்போது ஃபேத்தானுக்கும் சிறிதாக வால் முளைக்கிறது. அப்படியானால் அது சிறுகோளா வால்மீனா என்று கேட்டால், இரண்டுக்கும் நடுவே போட்ட கோடு அங்கே கொஞ்சம் அழிந்திருக்கிறது என்றுதான் சொல்லமுடியும்.

வால்மீன் என்ற சொல்லைக் கேட்டு அவள் வரைந்த படம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது. செதிலும் துடுப்பும் உள்ள ஒரு நிஜ மீன், வாலில் மட்டும் தீ. தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. தமிழில் நீரில் இருப்பதும் மீன், வானில் மின்னுவதும் மீன். சிந்துவெளி முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியை ஹீராஸ் பாதிரியாரும் பிறகு அஸ்கோ பர்ப்போலாவும் நட்சத்திரம் என்று வாசிக்க முயன்றது இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான். அந்த வாசிப்பு நிற்குமா நிற்காதா என்பது வேறு. கிரேக்கர்களுக்கு அது கூந்தல். காமெட் என்றால் நீள்முடி உடையது. நமக்கு வால். இரண்டிலும் அது பின்னால்தான் தொங்கவேண்டும். ஆனால் வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப்போகும்போது வால் முன்னே போகும், தலை பின்னே போகும். வால் என்று பெயர் வைத்தாயிற்று, இனி அது முன்னால் போனாலும் வால்தான்.

இதையெல்லாம்விட என்னை அலைக்கழிக்கும் சொல் கோள். எங்கள் ஆசிரியர் கோளமாக இருப்பதால் கோள் என்று சொல்லிக்கொடுத்தார். அழகாகப் பொருந்தியதால் நாற்பது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். கோளம் வடமொழி வழி வந்தது; கோள் கொள்ளுதலில் பிறந்தது. பிடிப்பது, எடுத்துக்கொள்வது. கிரகமும் அப்படித்தான், பற்றுதல் என்ற வேரிலிருந்து வந்தது. கிரகணத்துக்கும் அதே வேர். கிரேக்கர் வைத்த பிளானட் என்ற பெயருக்கு அலைபவன் என்று பொருள். அது எங்கே போகிறது என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அது யாரைப் பிடிக்கும் என்று நாம் பார்த்திருக்கிறோம். சங்கப் புலவர்கள் நாண்மீன் கோண்மீன் என்று பிரித்தே வைத்தார்கள். இடம் மாறாமல் நாளைக் காட்டுவது ஒன்று, கொள்வது மற்றொன்று. இன்றைக்கும் சனி பிடித்திருக்கிறது என்கிறோம். பெயர்ச்சி என்று நகர்வைச் சொன்னாலும் கவலையெல்லாம் பிடியைப் பற்றித்தான். (கோள் சொல்லுதல் என்ற வழக்கையும் இதில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் கொடுப்பதுதானே. அகராதிக்காரர்கள் அடிக்க வரலாம், விட்டுவிடுகிறேன்.) பயத்தில் பிறந்த சொல் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை. சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருஷம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. அந்த ஏழரைக்குள் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்து எண்ணிய கணக்கு இருக்கிறது. ராகு கேதுவுக்கு உடம்பே கிடையாது. சூரியன் போவதாகத் தெரியும் பாதைக்கு நிலவின் பாதை ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று முடிக்க 18.6 வருஷம், ராசிக்கு ஒன்றரை. மறைக்காட்டில் சம்பந்தர் கோளறு பதிகம் பாடியபோது ஞாயிறு திங்களோடு இந்தப் பாம்புகள் இரண்டையும் சேர்த்துத்தான் ஒன்பது. பொருளே இல்லாத இரண்டு கோள்களுக்கு இத்தனை துல்லியமான நடையைக் கண்டுபிடித்த சமூகம், ஒரு பொருளை அதன் பொருண்மைக்காகப் பெயரிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது. பிடிக்கிறதா இல்லையா, அதுதான் கேள்வி. இது பழைய காலத்து மனம், நவீன வானியல் வேறு வகையாகப் பெயரிடும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் உலக வானியல் ஒன்றியத்தின் கூட்டத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் மஞ்சள் அட்டையைத் தூக்கி வாக்களித்தார்கள். கோள் என்றால் மூன்று தகுதி வேண்டும். சூரியனைச் சுற்ற வேண்டும். தன் எடையாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும். தன் பாதையின் அக்கம்பக்கத்தைத் துடைத்திருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது. அதன் பாதை நெடுக அதைப்போன்ற உறைந்த உடல்கள் ஏராளம். முந்தைய வருஷம்தான் ஏறக்குறைய அதே பருமனுள்ள ஏரிஸைக் கண்டிருந்தார்கள். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல வருஷம் கழித்துத்தான் அந்த மூன்றாவது வரி உறைத்தது. தன் வட்டாரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டோ தூக்கி எறிந்தோ தானொருவனே நிற்பது கோள். கொள்வதால் கோள். அலைபவன் என்ற கிரேக்கச் சொல்லைவிட நம்முடைய சொல்தான் புது இலக்கணத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; எனக்குக் கலக்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஆட்களை வைத்துக்கொண்டு வாழ்ந்ததால் ஒன்றின் பெயர் குறைந்துபோகிறது என்ற விதியை நான் வேறு இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். வியாழன்கூட முழுக்கத் துடைக்கவில்லை, அதன் பாதையில் முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் கூட வருகின்றன என்று மறுப்பவர்கள் சொல்கிறார்கள். வியாழன் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது, அதுவும் ஆட்சிதான் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இந்தப் பதில் எனக்கு இன்னும் கலக்கமாக இருக்கிறது.

புளூட்டோவுக்குக் கொடுத்த பெயரைத் தமிழில் குறுங்கோள் என்கிறோம். குறுங்கோள் கோள் அல்ல என்பது ஒன்றியத்தின் தீர்ப்பு. தமிழ் இலக்கணம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா? குறுநில மன்னன் மன்னன்தான். பறம்புமலைப் பாரியின் நாட்டைப் பற்றி இரங்கிப் பாடும் கபிலர் புறநானூற்றில் மூன்று வானக்குறிகளைச் சொல்கிறார். சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தெற்கே ஓடினாலும் அந்த நாட்டில் மழை பொய்க்காது, விளைச்சல் குறையாது. பாட்டின் துறையே கையறுநிலை, பாரி போய்விட்டான். கோள்கள் எதுவும் அவனைப் பிடிக்கவில்லை. மூன்று வேந்தர்கள் சூழ்ந்து முடித்தார்கள். தங்கள் வட்டாரத்தைத் துடைத்து வைத்தவர்கள் வேந்தர் ஆனார்கள், பாரி குறுநில மன்னனாகவே பாடநூலில் நின்றான். இந்த ஒப்புமையை ஒரு வானியல் நண்பரிடம் சொன்னேன். ஈர்ப்புவிசைக்குக் கொடுமை தெரியாது, அதில் பாரியைக் கொண்டுவந்து நிறுத்தாதே என்றார். சரிதான். ஈர்ப்புக்குத் தெரியாது. அட்டையைத் தூக்கியவர்கள் மனிதர்கள் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன், அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

புளூட்டோவை 1930 பிப்ரவரியில் அரிசோனாவில் கிளைடு டாம்பா என்ற இளைஞர் கண்டார். ஆக்ஸ்போர்டில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி காலை உணவின்போது அதற்குப் பெயர் சொன்னாள். 1930 முதல் 2006 வரை எழுபத்தாறு வருஷம் அது கோளாக இருந்தது. ஹாலி வால்மீன் ஒருமுறை வந்துபோகும் காலம். புளூட்டோவுக்குச் சூரியனைச் சுற்ற 248 வருஷம் ஆகிறது. நாம் கண்டு, மகிழ்ந்து, பெயரிட்டு, மனப்பாடம் செய்து, விவாதித்து, பட்டத்தைப் பறித்ததெல்லாம் அதன் ஒரு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிட்டது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006 ஜனவரியில் கிளம்பியபோது ஒரு கோளைப் பார்க்கப் போனது. 2015 ஜூலையில் போய்ச் சேர்ந்தபோது அங்கே குறுங்கோள் இருந்தது. கலத்துக்குள் டாம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகை இருந்தது. அனுப்பிய படங்களில் பனிமலைகளும் நைட்ரஜன் உறைந்த ஒரு பெரிய வெள்ளைச் சமவெளியும் இருந்தன. பட்டம் போனதற்கான தழும்பு எதுவும் அதில் தெரியவில்லை.

சீரிஸின் கதை இதைவிட வேடிக்கை. 1801ஆம் வருஷத்து முதல் நாள் இரவு பலெர்மோவில் பியாத்ஸி அதைக் கண்டு வால்மீனாக இருக்கும் என்று அறிவித்தார். பிறகு கோள் ஆனது. பக்கத்தில் ஒவ்வொன்றாக உறவினர் தென்படத் தென்படக் கூட்டத்தில் ஒன்றாகி ஆஸ்டராய்டு ஆனது. 2006இல் குறுங்கோளாக ஏறியது. தொலைநோக்கியில் வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரம்போலப் புள்ளியாகத் தெரிந்ததால் ஹெர்ஷல் வைத்த பெயர் ஆஸ்டராய்டு, அதாவது நட்சத்திரம் போன்றது. நட்சத்திரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தமிழில் சிறுகோள் என்கிறோம். இந்த ஒரு இடத்தில் நம் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நேர்மையாக இருக்கிறது. அப்படிச் சில சிறுகோள்களை நுங்கம்பாக்கத்திலிருந்து கண்டார்கள் என்பது கல்லூரிச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அறியேன். 1792இல் கட்டிய மதராஸ் வானாய்வகம் அங்கேதான் இருந்தது. தமிழும் தெலுங்கும் பொறித்த கருங்கல் தூண் ஒன்று மிச்சம். வானியலாளர் போக்சன் 1861இல் அங்கிருந்து கண்ட சிறுகோளுக்கு, ஆசியாவிலிருந்து கண்ட முதலாவது என்பதால் ஆசியா என்றே பெயர் வைத்தார். 1866இல் கண்டது சில்வியா. அதற்கு இரண்டு நிலவுகள் இருப்பது 2005இல்தான் உலகுக்குத் தெரிந்தது; 2001இல் முதல் நிலவைக் காணும்வரை அது ஒற்றையாள் என்றே எண்ணியிருந்தார்கள். இன்று அந்த வளாகத்தில் வானிலை அலுவலகம். ஐப்பசி கார்த்திகையில் புயல் வருமா என்று கேட்க அங்கே மைக்குகள் நிற்கும். பல சிறுகோள்களுக்கு எண் மட்டும்தான் உண்டு. எண் பெற்றவை பல லட்சம், பெயர் பெற்றவை இருபதாயிரத்துச் சொச்சம். 1988இல் காவலூர் வானாய்வகத்தில் கண்ட 4130ஆம் எண்ணுக்கு ராமானுஜன் என்று பெயர் கிடைத்தது. அது அதிர்ஷ்டக்காரக் கல்.

எங்கள் ஆச்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால் ஊரில் அவளுக்குக் கடையத்தா என்று பெயர். பெரியவர்களுக்குக் கடையத்தா, எங்களுக்குக் கடையத்து ஆச்சி, தாத்தாவுக்கு "ஏளா". எங்கள் பக்கத்துத் தெருக்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான். தென்காசியா, களக்காட்டா, அம்பாசமுத்திரத்தா. பிறந்த ஊரிலேயே இருந்தவரை அந்தப் பெயர் செல்லாது, கடையத்தில் எல்லாரும் கடையத்துக்காரர்கள். அங்கிருந்து விழுந்தபிறகுதான் அது பெயர். ஆச்சி இறந்த அன்று சான்றிதழுக்காக வந்தவர் பெயர் கேட்டபோது வாசலில் நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா உள்ளே போய் தன் சித்தியிடம் கேட்டு வந்து சொன்னார், உலகம்மாள் என்று. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. உள்ளே பெஞ்சில் கிடத்தியிருந்தவளை அதற்குள் ஒருத்தர் "பாடி" என்றும் சொல்லிவிட்டார். ஆச்சி, கடையத்தா, உலகம்மாள், பாடி. முப்பத்தேழாம் பக்கத்து வாக்கியத்தில் என் கை ஓடாமல் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் மிகையாகப் படலாம். ஆனால் ஒரே உடம்பு நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறிக்கொண்டே வருவதைத் துல்லியம் என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தரையில் விழும் கல்லுக்குத் தனிப்பெயர் கிடைக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். விழுந்த இடத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். 1865 ஆகஸ்டில் பீகாரின் ஷெர்காட்டி ஊருக்கருகே ஐந்து கிலோ அளவில் ஒரு கல் விழுந்தது. அது ஷெர்காட்டி ஆனது. நூறு வருஷத்துக்கும் மேலாகி, அதன் வகையைச் சேர்ந்த கற்கள் செவ்வாயிலிருந்து பெயர்ந்து வந்தவை என்று நிலைநாட்டினார்கள். அந்த வகைக்கே ஷெர்கட்டைட் என்று பெயர். செவ்வாயில் பிறந்து, அங்கே ஏதோ ஒரு மோதலில் சிதறிக் கிளம்பி, லட்சக்கணக்கான வருஷம் வெட்டவெளியில் கிடந்து, கடைசியில் ஒரு பீகார் சிற்றூரின் பெயரைச் சுமக்கிறது. ஆச்சிக்கு விட்டுவந்த ஊர் பெயரானது, கல்லுக்கு வந்து விழுந்த ஊர் பெயரானது. இரண்டில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விழாத கல்லுக்கும் பெயர் வைப்பதுண்டு. 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டக் கல்லூரி வளாகம் ஒன்றில் வெடிப்பு நேர்ந்து ஒரு பேருந்து ஓட்டுநர் இறந்துபோனார். விண்கல் விழுந்தது என்று அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் தரையில் நடந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கிறது என்றார்கள். நான் அறிய டீக்கடைப் பேச்சில் விண்கல் என்ற சொல் நுழைந்தது அந்த வாரம்தான். சொல் வந்து இறங்கிவிட்டது, கல் வரவில்லை.

மெய்ப்புக்குத் திரும்புகிறேன். நடுவில் வரும் விண்கல்லை எரிமீன் என்று மாற்றிவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது கல்லின் பெயர் அல்ல, வெளிச்சத்தின் பெயர். முதலாவதும் மூன்றாவதும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவதற்கு எதிரே ஓரத்தில் விண்வீழ்கல் என்று பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.